அப்டேட் வந்த இரவும் திறக்க மறுத்த கடன் கணக்கும்

றமழானில் பிறை இருபதைத் தாண்டிவிட்டால் புடவைக் கடைக்காரனுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். 2025ஆம் ஆண்டு றமழானில் அப்படியொரு நாள் காலை, எங்களிடம் மொத்தமாகச் சரக்கு எடுக்கும் வெளியூர் வியாபாரி ஒருவர் பெருநாள் சரக்குக்காகக் கடைக்கு வந்தார். எனது வாப்பா காலத்திலிருந்தே எங்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர். பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் புதிய பில் போடுவார்.

பாக்கியைப் பார்க்க லெப்டொப்பைத் திறந்தேன். கணக்கு வரவில்லை. மறுபடியும் முயன்றேன், வரவில்லை. நோன்புக்கு முன்னர் அச்சடித்து வைத்திருந்த ஒரு பட்டியல் மட்டும் கையில் இருந்தது. அதில் அவரது பெயருக்கு நேரே 185,000 ரூபா என்றிருந்தது. அந்தத் தொகையைச் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஹாஜியார், அதில எழுபத்தையாயிரம் நோன்பு மூணாம் நாள் உங்கட மகன்ட கையில தந்திட்டேன். வாப்பாட கொப்பி இருந்த காலத்தில எங்களுக்கிட்ட ஆரும் ரெண்டு தரம் கேட்டதில்ல.”

கொழும்புக்குப் போயிருந்த மகனுக்குப் போன் எடுத்தேன். காசு வாங்கியது நினைவிருக்கிறது, எவ்வளவு என்பது நினைவில்லை, அன்றே கணக்கில் பதிந்துவிட்டேன் என்றான். அந்தக் கணக்குத்தான் திறக்கவில்லையே! அவர் சொன்ன தொகையைக் கழித்து, சரக்கைக் கொடுத்து அனுப்பினேன். ஆனாலும் கொடுத்த காசை மறுபடி கேட்டவன் என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது. அன்று முழுவதும் எனக்கு வியாபாரத்தில் மனம் இருக்கவில்லை.

அவரைப் போல் எங்களிடம் கடனுக்குச் சரக்கு எடுப்போர் அறுபது பேருக்கு மேல் உள்ளனர். அந்த அறுபது பேரின் கணக்கும், ஸகாத்துக்காக எடுத்த ஸ்டொக் விபரமும், காணி உறுதிகளின் பிரதிகளும், உம்ராவுக்குப் போன படங்களும் எல்லாம் கடைக்கு மேலே எங்கள் வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள்தான் இருந்தன.

இது என்ன பெட்டி?

எம்மில் பலரது வீடுகளிலும் கடைகளிலும் இப்போது இத்தகைய பெட்டி இருக்கிறது. நாஸ் என்பார்கள், வீட்டு சேர்வர் என்றும் சொல்வார்கள். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். வைஃபை வழியாக வீட்டிலுள்ள எல்லாக் கணனிகளும் கையடக்கத் தொலைபேசிகளும் அதில் வைக்கலாம், எடுக்கலாம். மாதக் கட்டணம் கிடையாது. கணக்கு எங்கள் கூரைக்குக் கீழேயே இருக்கும். 2024 ஜனவரி 1 முதல் வட் 18 வீதமாகி, பதிவுக்கான வருடாந்த விற்பனை எல்லையும் 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாகக் குறைக்கப்பட்ட பின்னர், கொப்பியை விட்டுக் கணனிக்கு வந்த வியாபாரிகளுக்கும் இது வசதியான பொருள்தான்.

நான் இதை வாங்கியது 2014இல். கொண்டு வந்து பொருத்திய தம்பி, எல்லோருக்கும் இலகுவாக இருக்கட்டும் என்று கடவுச்சொல் எதுவும் போடாமல், யாரும் விருந்தாளியாக உள்ளே போகலாம் என்று வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து நாங்கள் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்டேட் செய்யச் சொல்லி அது கேட்ட போதெல்லாம் “பிறகு” என்ற பொத்தானை அழுத்தினோம். வேலை செய்கிற பொருளில் எதற்குக் கை வைப்பது என்பது எங்கள் எண்ணம்.

மூன்றாம் நாள் தெரிந்த உண்மை

பெட்டியைப் பார்க்க வந்த திருத்துனர், லெப்டொப்பில் இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு, பெட்டி செத்துவிட்டது என்றார். புதிய பெட்டி வாங்கி, இந்த டிஸ்க்குகளை அதில் போட்டால் சரிவரும் என்றார். பெருநாள் நெருக்கத்தில் நானும் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தேன். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு பெட்டியின் டிஸ்க்கை வேறு வகைப் பெட்டிக்குள் போட்டால், அதைப் புதிய டிஸ்க் என எண்ணித் துடைத்து அமைக்கட்டுமா என்று அந்தப் பெட்டி கேட்கும். அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்தினால் பதினொரு வருடக் கணக்கும் போய்விடும். இதை நான் பிறகுதான் அறிந்து கொண்டேன்.

எங்களைக் காப்பாற்றியது மூன்றாம் நாள் நோன்பு திறக்க வந்த மருமகன். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தனது போனை எடுத்து, கோப்புகளைப் பார்க்கும் செயலியில் பெட்டியின் இலக்கத்தைப் போட்டார். ஒரு நிமிடத்தில் எல்லாக் கணக்கும் போனில் தெரிந்தது!

“மாமா, பெட்டிக்கு ஒண்டும் இல்ல. லெப்டொப்புத்தான் உள்ள போக மாட்டேன் எண்டுது. நேத்து முந்தநாள் லெப்டொப்புல ஏதாவது மாறிச்சா?”

மாறியிருந்தது. அந்த வியாபாரி வந்ததற்கு முந்திய இரவு, தராவீஹ் முடிந்து வந்து பார்த்தபோது லெப்டொப் தானாகவே விண்டோஸ் 11இன் புதிய பதிப்புக்கு மாறிக் கொண்டிருந்தது. நல்ல விடயம்தானே என்று விட்டுவிட்டேன். மூன்று நாட்களாக நாங்கள் பெட்டியைக் குறை சொன்னோமே தவிர, வேறொரு கருவியிலிருந்து பெட்டி திறக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

போனில் அந்த வியாபாரியின் கணக்கைத்தான் முதலில் பார்த்தேன். நோன்பு மூன்றில் 75,000 வரவு என மகன் பதிந்திருந்தான்.

பூட்டை ஏன் மாற்றினார்கள்?

இனி, இதன் காரணத்தை விளங்கிக் கொள்வோம். கணனியும் பெட்டியும் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980களில் பிறந்த முறை இது. அதன் முதலாவது பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் சுமார் 150 நாடுகளுக்குப் பரவியது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளே ஸ்தம்பித்துப் போயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

அதன் பிறகு மைக்ரோசொப்ட் பழைய கதவுகளை ஒவ்வொன்றாக மூடி வருகிறது. 2017 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், புதிதாக நிறுவும்போது எஸ்எம்பியின் முதலாம் பதிப்பு சேர்க்கப்படவில்லை. அப்போதும் உலகெங்கும் பழைய பெட்டி வைத்திருந்தோர் தங்கள் பெட்டியைக் காணவில்லை என்று தவித்தார்கள். 2024 ஒக்டோபரில் பொதுப் பாவனைக்கு வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இன்னும் இரண்டு பூட்டுகள் விழுந்தன. எனது லெப்டொப்பில் இருப்பது போன்ற ‘ப்ரோ’ வகையில், கடவுச்சொல் இல்லாத விருந்தாளிப் பிரவேசம் மறுக்கப்படுகிறது. அத்தோடு, கணனிக்கும் பெட்டிக்கும் இடையில் போய்வரும் ஒவ்வொரு தகவலிலும் கையொப்பம் இருக்க வேண்டும் என்கிறது.

வியாபாரி மொழியில் சொன்னால், சீல் இல்லாத பற்றுச்சீட்டை இனி ஏற்க மாட்டோம் என்பதுதான் இது. இடையில் யாரும் தொகையை மாற்றவில்லை என்பதற்கு அந்தச் சீல் அத்தாட்சி. சீல் கடவுச்சொல்லிலிருந்து உருவாகிறது. விருந்தாளிக்குக் கடவுச்சொல் இல்லை, ஆகவே சீலும் இல்லை. கடவுச்சொல் இல்லாத என் பெட்டியை என் லெப்டொப்பே சந்தேகப்பட்டதன் காரணம் இதுதான்.

இந்தப் பாதுகாப்பை நிறுத்திவிட்டு பழையபடி வைத்துக் கொள்ளவும் வழி இருக்கிறது. பலரும் அதையே இலகுவான வைத்தியமாகச் சொல்வார்கள். அது சாவி தொலைந்ததற்காகக் கடைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதற்குச் சமம். நாங்கள் மாற்றியது பெட்டியைத்தான். முதலில் எல்லாவற்றையும் போன் வழியாக ஒரு தனி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தோம். பிறகு பெட்டியின் சொந்த மென்பொருளை மூன்று படிகளாக அப்டேட் செய்தோம். அவ்வளவு பழையதை ஒரே பாய்ச்சலில் புதியதாக்க முடியவில்லை. எஸ்எம்பியின் புதிய பதிப்புகளை இயங்கச் செய்து, எனக்கும் மகனுக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தோம். ஸஹருக்கு முன் லெப்டொப்பில் கணக்கு திறந்தது. ஒரு சதமும் செலவாகவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. பழைய கணனியை மாற்றுவோர் எல்லோரும் விண்டோஸ் 11க்குத்தான் வருகிறார்கள். கடவுச்சொல் இல்லாத பழைய பெட்டி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு எனக்கு வந்த காலை எந்த நாளிலும் வரலாம்.

அப்டேட் செய்யாமலே விட்டால்?

இந்தக் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர், “இனி நான் எதையும் அப்டேட் செய்ய மாட்டேன்” என்றார். அவருக்கு நான் சொன்ன உதாரணம் இதுதான். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்ற வீட்டுப் பெட்டிக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015இல். 2021 ஜூன் மாதம், இணையத்தோடு இணைந்திருந்த அந்தப் பெட்டிகளில் ஏராளமானவை வெளியாரால் ஒரே இரவில் துடைக்கப்பட்டன. வருடக்கணக்கில் சேர்த்த கணக்குகளும் குடும்பப் படங்களும் காலையில் இல்லை. அப்டேட் வராத பெட்டியை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்ததே அதற்கு வழி செய்தது.

மறுபக்கமும் உண்டு. 2022 ஜனவரியில் கியூநாப் நிறுவனத்தின் பெட்டிகளை டெட்போல்ட் என்ற கப்ப வைரஸ் தாக்கியது. நிறுவனம் அவசரமாக அப்டேட்டைத் தானே தள்ளியது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் பிறகு தங்கள் கணனிக்கும் பெட்டிக்கும் இடையிலான சில வகை இணைப்புகள் அறுந்துவிட்டன என்று பாவனையாளர் சிலர் முறையிட்டார்கள். 2021இல் சினோலஜி நிறுவனம் தனது பெட்டிகளுக்கான மென்பொருளின் 7ஆம் பதிப்பை வெளியிட்டபோது, வேறு நிறுவனங்கள் எழுதிய பல செயலிகள் அதில் ஓடவில்லை. யூஎஸ்பியில் செருகும் வைஃபை டொங்கிள் போன்றவையும் கைவிடப்பட்டன. ஏறியவர் பழைய பதிப்புக்கு இறங்க நிறுவனம் வழி வைக்கவில்லை.

பழைய கணனியை சேர்வராக மாற்றும் இலவச மென்பொருளான ஃப்ரீநாஸின் கதை இன்னும் விசித்திரமானது. 2017 மார்ச்சில் ‘கோரல்’ என்ற புதிய பதிப்பைப் பெரும் எடுப்பில் வெளியிட்டார்கள். ஏப்ரலிலேயே, இது பரீட்சார்த்தப் பதிப்பு மட்டுமே என்று சொல்லிப் பின்வாங்கிக் கொண்டார்கள். முதல் வாரமே பாய்ந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

ஆக, அப்டேட் செய்யாதவனுக்கும் நட்டம் வரலாம், அவசரப்பட்டவனுக்கும் நட்டம் வரலாம். திரும்பி வர ஒரு வழி வைத்திருப்பவனுக்கு மாத்திரம் இரண்டிலும் பயமில்லை.

சத்தமில்லாமல் நின்ற வேலை

அந்த ஸஹரோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதைவிடப் பெரிய பிழை உள்ளே இருந்தது. எங்கள் பெட்டியில் ஒரு யூஎஸ்பி டிஸ்க் எப்போதும் செருகியிருக்கும். ஒவ்வொரு இரவும் கணக்கின் பிரதி தானாக அதற்குப் போகும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரம், தவறுதலாக அழித்துவிட்ட ஒரு பில்லைத் தேடி அந்த டிஸ்க்கைத் திறந்தேன். அதிலிருந்த கடைசிப் பிரதி நாங்கள் பெட்டியை அப்டேட் செய்ததற்கு முந்திய நாளுடையது. பதினொரு வாரங்களாக ஒரு பிரதியும் போகவில்லை.

அப்டேட்டுக்குப் பின் பெட்டி அந்த டிஸ்க்குக்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறது. பிரதி எடுக்கும் வேலை பழைய பெயரையே தேடியிருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் ஈமெயிலும் ஒவ்வொரு இரவும் போயிருக்கிறது. வேலையை விட்டுப் போன எங்கள் பழைய கணக்குப்பிள்ளையின் முகவரிக்கு!

அந்தப் பதினொரு வாரத்தில் பெட்டி பழுதாகியிருந்தால், அல்லது திருடன் வந்திருந்தால், பெருநாள் விற்பனையின் கடன் முழுவதும் மனிதர்களின் ஞாபகத்தில் மட்டும் இருந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ், அப்படி நடக்கவில்லை. கதவு திறக்காவிட்டால் அன்றே தெரிந்துவிடும். பிரதி நின்று போனால், அது தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

இப்போது நான் செய்வது

பட்ட பாட்டிலிருந்து சில வழக்கங்களை ஏற்படுத்திக் கொண்டேன். அவற்றை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பதை இரண்டு பிரதி என்று எண்ணாதீர்கள். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும், அவ்வளவுதான். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டையும் பூட்டும். கணக்குக்கு மூன்று பிரதி இருக்க வேண்டும், அவை இரண்டு வகைப் பொருளில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். எனது மூன்றாவது பிரதி தம்பியின் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பின்னும் டிஸ்க்கை மாற்றிக் கொள்கிறோம்.

இரண்டாவது, எந்த அப்டேட்டுக்கு முன்னரும் புதிய பிரதி எடுத்து, அதிலிருந்து ஒரு பில்லைத் திறந்தும் பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதி எண்ணிப் பார்க்காத காசுக்கட்டு மாதிரி. அப்டேட்டுக்கு மறுநாளும் பிரதி போயிருக்கிறதா என்று பார்க்கிறோம். பெட்டியின் எச்சரிக்கை ஈமெயில் இப்போது எனக்கும் மகனுக்கும் வருகிறது.

மூன்றாவது, அப்டேட்டில் இரண்டு ரகம் உண்டு. ஓட்டை அடைக்கும் சிறிய அப்டேட்டைத் தாமதிக்க வேண்டாம். புதிய பதிப்பு என்று வரும் பெரிய அப்டேட்டுக்கு மூன்று நான்கு வாரம் பொறுத்திருங்கள். அதையும் றமழானின் கடைசிப் பத்திலோ, பாடசாலைத் தவணை ஆரம்பத்திலோ, வட் கணக்குக் கொடுக்கும் வாரத்திலோ செய்யாதீர்கள். கடை மூடும் போயா நாளின் காலை நல்ல நேரம். பிழைத்தாலும் திருத்த ஒரு பகல் இருக்கும்.

நான்காவது, பெட்டியை யூபிஎஸ்ஸில் இணையுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாடு இது. பெட்டி அப்டேட் ஆகிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பிறகு அது எழும்பாமலே போகலாம்.

ஐந்தாவது, பெட்டியின் இலக்கம், பாவனையாளர் பெயர், கடவுச்சொல், மென்பொருள் பதிப்பு, கடைசி அப்டேட்டின் திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். மகனுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. மகன் கொழும்பில் இருக்கும் நாளில்தான் எதுவும் நடக்கும்.

ஆறாவது, பெட்டி திறக்காவிட்டால் டிஸ்க்கில் கை வைக்காதீர்கள். ‘துடைத்து அமைக்கட்டுமா’ என்று எது கேட்டாலும் ‘ஆம்’ சொல்லாதீர்கள். போனிலோ வேறு கணனியிலோ திறந்து பாருங்கள். அதில் திறந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது. நேற்று எது மாறியது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் மூன்று நாட்களை இழந்தேன்.

இவற்றோடு இன்னொன்றும் செய்கிறேன். ஒவ்வொரு வியாழன் இரவும் கடன் நிலுவைப் பட்டியல் நான்கு தாளில் அச்சாகி எனது மேசை லாச்சிக்குள் போகிறது. வாங்கும் காசுக்கு, எவ்வளவு பழகியவராக இருந்தாலும், கையால் எழுதிய பற்றுச்சீட்டும் கொடுக்கிறோம். மகனுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது அவனே அச்சடிக்கிறான்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பது எமது சமூகத்து வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல. சிறிய தொகையோ பெரிய தொகையோ, எழுதுவதில் சலிப்படையக் கூடாது என்பது அதில் உள்ள பாடம். எழுதினால் மட்டும் போதுமா? எழுதியதைத் தேவைப்படும் நேரத்தில் எடுத்துக் காட்டவும் முடிய வேண்டும். மற்றவருடைய கணக்கு எம்மிடம் இருக்கும் அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பதும் நாம் மத்ரஸாவில் படித்ததுதான்.

பெருநாள் முடிந்து பத்து நாள் கழித்து நான் அந்த வியாபாரியின் ஊருக்குப் போனேன். கணக்கை அச்சடித்து எடுத்துக் கொண்டு போய், 75,000 பதிந்திருந்த இடத்தைக் காட்டி, மன்னிப்புக் கேட்டேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. மடித்து எனது சட்டைப் பையில் வைத்துவிட்டு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க ஹாஜியார்” என்றார்.

அடுத்த தடவை சரக்கு எடுக்க வந்தபோது காசைக் கொடுத்துவிட்டு, பற்றுச்சீட்டு எழுதி முடியும் வரை காத்து நின்றார். இதற்கு முன் அவர் அப்படி நின்றதில்லை.